பழைய காரில் வரும் சத்தம்: எஞ்சினா, கியர்பாக்ஸா, சக்கரமா?

மெக்கானிக் ஷெட்டுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது.

"இன்னா சார் பிரச்சினை?"

"கீழ ஏதோ சத்தம் வருதுண்ணே."

"எங்கேர்ந்து வருது?"

"முன்னாடின்னு நினைக்கிறேன். சில சமயம் பின்னாடி மாதிரியும் இருக்கு."

அப்புறம் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை ஒரு ரவுண்டு போய் வருவார். அன்றைக்கென்று சத்தம் வராது. வண்டி வீடு திரும்பும் வழியில் மறுபடி ஆரம்பிக்கும்.

முன்னாலா பின்னாலா என்று சொல்லத் தெரியாததில் வியப்பில்லை. காரின் உடம்பு முழுவதும் தகடு. முன்சக்கர பேரிங்கின் (சக்கரம் உராயாமல் சுற்ற உதவும் குண்டு வளையம்) உறுமல் தரைத்தகடு வழியாக ஓடிப் பின்சீட்டுக்கு அடியில் கேட்கும். பின்சக்கரச் சத்தம் டிரைவரின் காதருகே கேட்பதும் உண்டு. ஆகவே 'எங்கே' என்ற கேள்வியை மெக்கானிக்குக்கு விட்டுவிடுங்கள். வண்டி ஓட்டுகிறவருக்கு மட்டுமே நன்றாகத் தெரிந்த விஷயம் 'எப்போது' என்பது. எந்த வேகத்தில், எந்த கியரில், கிளட்சை மிதித்தபோதா விட்டபோதா, திருப்பும்போதா, மேம்பாலம் ஏறும்போதா? இந்த விவரங்கள் இருந்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும். ஏனென்றால் ஒவ்வொரு பாகமும் சுற்றுவதற்கும் பளு தாங்குவதற்கும் தனித்தனி நேரம் இருக்கிறது. சுற்றாத, பளு ஏறாத பாகம் சத்தம் போடாது.

எஞ்சினிலிருந்து சக்கரம் வரை

எஞ்சினில் பிறக்கும் சுழற்சி முதலில் அதன் முனையில் உள்ள கனத்த சக்கரமான ஃப்ளைவீலுக்கு வருகிறது. அதோடு ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் கிளட்ச் பிளேட் அதை கியர்பாக்ஸுக்குள் அனுப்புகிறது. கியர்பாக்ஸ் வேகத்தைக் குறைத்து, இழுக்கும் வலுவைக் கூட்டுகிறது. அடுத்து டிஃபரன்ஷியல். நம் ஊர் ஷெட்டுகளில் இதை 'கிரவுன்' என்றே சொல்லிவிடுவார்கள். திருப்பத்தில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அந்த வித்தியாசத்தைச் சமாளித்து இரண்டு பக்கமும் சுழற்சியைப் பிரித்துத் தருவது அதன் வேலை. அங்கிருந்து சக்கரத்தைச் சுற்றும் தண்டான ஆக்ஸில், பிறகு சக்கரம்.

இந்த வரிசை கிளட்ச் பெடல் உள்ள எல்லா காருக்கும் பொது. பாகங்கள் உட்கார்ந்திருக்கும் இடம்தான் மாறும். மாருதி 800, ஆல்ட்டோ, ஜென், சான்ட்ரோ, இண்டிகா ஆகியவற்றில் எல்லாமே முன்பக்கம். கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் இருக்கும். அங்கிருந்து இடமும் வலமுமாக இரண்டு ஆக்ஸில்கள் நேராக முன்சக்கரங்களுக்குப் போகும். அம்பாசடர், பிரீமியர் பத்மினி போன்றவற்றில் கியர்பாக்ஸ் முன்னால், டிஃபரன்ஷியல் பின்னால். நடுவில் இரண்டையும் இணைக்கும் நீளமான தண்டு, புரொப்பெல்லர் ஷாஃப்ட். ஆம்னி வேன் இதில் குழப்பும். மாருதி 800-இல் உள்ள அதே 796 சி.சி. எஞ்சின்தான் அதிலும் இருக்கிறது, ஆனால் தள்ளுவது பின்சக்கரம். உங்கள் வண்டி இவற்றில் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் (ஷாஃப்டின் முனையில் வளைந்து கொடுக்கும் சிலுவை வடிவ இணைப்பு) தேய்ந்துவிட்டது என்று யாராவது சொன்னால், அந்த ஷெட்டுக்கு அப்புறம் போகாதீர்கள்.

ஒரு சின்னக் கணக்கு. மாருதி 800-இன் டயர் 145/70 ஆர் 12. அதன் சுற்றளவு சுமார் 1.6 மீட்டர். 40 கி.மீ. வேகத்தில் வண்டி நொடிக்கு 11 மீட்டர் போகிறது. அப்படியானால் சக்கரம் நொடிக்கு ஏழு சுற்று. அதே நேரத்தில் எஞ்சின் 2400 ஆர்.பி.எம்மில் (நிமிடத்துக்கு 2400 சுற்று) ஓடினால் அது நொடிக்கு நாற்பது சுற்று. பின்சக்கர வண்டிகளில் புரொப்பெல்லர் ஷாஃப்ட் சக்கரத்தைவிட நான்கைந்து மடங்கு வேகமாகச் சுற்றும். வண்டியை மெதுவாக உருட்டி, சத்தத்தை எண்ணிப் பாருங்கள். 10 கி.மீ. வேகத்தில் நொடிக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவாக 'டக்... டக்...' என்று வந்தால் அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. அதைவிடப் பல மடங்கு அடர்த்தியாக வந்தால் ஷாஃப்டையோ கியர்பாக்ஸையோ சந்தேகிக்கலாம். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை.

முதலில் வேண்டாதவற்றைக் கழியுங்கள்

வடசென்னையில் கார் ஓட்டுகிறவர்களுக்கு இது கூடுதல் அவசியம். எண்ணூர் விரைவுச் சாலை, மணலி சாலை எல்லாம் கன்டெய்னர் லாரிகள் உழுதுபோட்ட பாதைகள். அங்கே ஓடும் பழைய காரின் சஸ்பென்ஷன் எப்போதும் ஏதோ ஒன்றைச் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் வருகிற 'டொக்' சத்தம் டிரைவ் லைன் (எஞ்சினிலிருந்து சக்கரம் வரை சுழற்சியைக் கடத்தும் பாகங்கள்) சத்தம் இல்லை. அது ஷாக் அப்சார்பர் மவுண்டிங், லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், லிங்க் ராட் போன்ற சஸ்பென்ஷன் பாகங்களின் சமாச்சாரம். சமதளச் சாலையில் வராமல் மேடுபள்ளத்தில் மட்டும் வந்தால், கியர்பாக்ஸைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

பிரேக்கை லேசாக மிதித்ததும் நின்றுபோகும் சத்தம் பிரேக் பேடைச் சேர்ந்தது. டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் நடுவில் சின்னக் கல் மாட்டிக்கொண்டால், வண்டியே பிளந்துவிடுமோ என்று தோன்றும் அளவுக்கு 'கிரீச்' என்று கத்தும். ரிவர்ஸில் நாலு அடி போய்விட்டு முன்னால் வந்தால் சில சமயம் கல் தானே விழுந்துவிடும். டயர் பட்டைக்குள் செருகிய ஜல்லி 'டிக் டிக் டிக்' என்று வேகத்தோடு கூடும். குனிந்து பார்த்தால் தெரியும். குறிப்பிட்ட ஆர்.பி.எம்மில் மட்டும் தகரம் அதிர்வதுபோல் வந்தால் சைலன்சர் மேல் இருக்கும் வெப்பத் தடுப்புத் தகட்டின் போல்ட் லூஸாகியிருக்கும்.

பஞ்சர் போட்டுக்கொண்டு வந்த அன்றோ மறுநாளோ புதிதாக 'டக் டக்' சத்தமும் ஸ்டியரிங்கில் ஆட்டமும் வந்தால், வேறு எதையும் யோசிக்காமல் ஓரம் கட்டி வீல் நட்டைப் பாருங்கள்.

நியூட்ரல் சோதனை

கழித்துக் கட்டியது போக மிச்சமிருக்கும் சத்தம் எஞ்சின் வேகத்தைப் பின்தொடர்கிறதா, வண்டியின் வேகத்தைப் பின்தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். மொத்த விஷயத்திலும் இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, லாரி நடமாட்டம் குறைந்த ஒரு நேரான சாலையைத் தேர்ந்தெடுங்கள். ரேடியோ, ஏ.சி., ஃபேன் எல்லாவற்றையும் அணையுங்கள். 50 கி.மீ. வேகம் பிடித்து, சத்தம் வந்துகொண்டிருக்கும்போதே கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து காலை எடுங்கள். எஞ்சின் ஐடிலுக்கு (ஆக்சிலரேட்டர் தராமல் சும்மா ஓடும் நிலைக்கு) இறங்கிவிடும், வண்டி உருண்டுகொண்டிருக்கும். எஞ்சினோடு சேர்ந்து சத்தமும் இறங்கினால் எஞ்சின், கிளட்ச், அல்லது கியர்பாக்ஸின் முன்பகுதி. எஞ்சின் இறங்கியும் சத்தம் அப்படியே இருந்து, வண்டி மெதுவாக ஆக ஆகக் குறைந்தால் சக்கர பேரிங், டயர், டிஃபரன்ஷியல் பக்கம். சாவியை மட்டும் அணைத்துவிடாதீர்கள். பிரேக் பூஸ்டரின் துணை போய்விடும், பவர் ஸ்டியரிங் இருந்தால் கனமாகிவிடும், சாவி கூடுதலாகத் திரும்பினால் ஸ்டியரிங்கே பூட்டிக்கொள்ளும்.

இதைத் திருப்பியும் செய்து பார்க்கலாம். வண்டி நிற்கும்போதே நியூட்ரலில் எஞ்சினை அதே ஆர்.பி.எம்முக்கு ஏற்றுங்கள். சத்தம் வந்தால் குற்றவாளி எஞ்சின் பக்கம்தான். நின்ற இடத்தில் சக்கரமும் ஆக்ஸிலும் சுற்றவே இல்லையே.

ரயில்வே கேட்டில் நிற்கும்போது

கொருக்குப்பேட்டை கேட்டில் சரக்கு ரயில் போய் முடியும்வரை காத்திருப்பது யாருக்கும் பிடிக்காது. கிளட்ச் சோதனைக்கு மட்டும் அது பொருத்தமான நேரம். சாதாரணமாக எஞ்சினை அணைத்துவிடுவதுதான் முறை. ஒரு நிமிடம் மட்டும் அணைக்காமல் வைத்து இதைச் செய்யுங்கள்.

ஹேண்ட் பிரேக், நியூட்ரல், கிளட்சிலிருந்து கால் முழுவதும் எடுத்தாயிற்று. ஜன்னலை இறக்கிவிட்டுக் கேளுங்கள். இந்த நிலையில் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு ஒட்டியிருப்பதால் கியர்பாக்ஸுக்குள் சுழற்சியைக் கொண்டுபோகும் இன்புட் ஷாஃப்ட் எஞ்சினோடு சேர்ந்து சுற்றுகிறது. வண்டி நகராவிட்டாலும் கியர்பாக்ஸுக்குள் பாதி நடமாட்டம் உண்டு. இப்போது கிளட்சை மெதுவாக மிதியுங்கள். முதல் கொஞ்ச தூரம் பெடல் சும்மா போகும். அப்புறம் ஒரு இடத்தில் காலுக்கு எதிர்ப்பு தெரியும். கிளட்சை விலக்கும் ரிலீஸ் பேரிங், கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டின் விரல்களைத் தொட்டு, அதோடு சேர்ந்து சுற்ற ஆரம்பிக்கும் இடம் அது. முழுக்க மிதித்ததும் பிளேட் விலகி, இன்புட் ஷாஃப்ட் நின்றுவிடும்.

அதாவது ஒரே பெடல் அசைவில் ஒரு பேரிங்கைச் சுற்ற வைத்து, இன்னொன்றை நிறுத்திவிட்டீர்கள். காலை எடுத்திருந்தபோது 'கொர்ர்' என்று இருந்து, மிதித்ததும் அடங்கினால் இன்புட் ஷாஃப்ட் பேரிங். காலை எடுத்திருந்தபோது அமைதியாக இருந்து, எதிர்ப்பு தெரியும் அந்த இடத்தில் 'கீய்ங்' என்று ஆரம்பித்து, மிதித்திருக்கும்வரை தொடர்ந்தால் ரிலீஸ் பேரிங்.

ரிலீஸ் பேரிங் போய்விட்டது என்று சொன்னால் மெக்கானிக் கிளட்ச் செட்டையே மாற்றச் சொல்வார். ஏமாற்றுகிறாரோ என்று நினைக்க வேண்டாம். பேரிங்கை மாற்ற கியர்பாக்ஸை இறக்கியே ஆக வேண்டும். இறக்கும் கூலிதான் பெரிய செலவு. பிளேட் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் சேர்த்து மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். கேபிள் கிளட்ச் உள்ள வண்டியில், பெடல் சும்மா போகும் அந்தக் கொஞ்ச தூரம் இருக்கிறதா என்று மட்டும் கவனியுங்கள். கேபிளை இறுக்கமாக வைத்துவிட்டால் பேரிங் எந்நேரமும் தொட்டுக்கொண்டே சுற்றும், புதிதும் சீக்கிரம் போய்விடும். மின்ட், மூலக்கடை நெரிசலில் கிளட்ச் மேலேயே காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர்களுக்கும் இதே கதிதான்.

ஐடிலில் மட்டும் லேசாகக் 'கடகட' என்று இருந்து, ஆக்சிலரேட்டரைச் சற்றுத் தொட்டதும் மறைந்தால் பயப்பட ஒன்றுமில்லை. எஞ்சின் ஒவ்வொரு முறை வெடிக்கும்போதும் வரும் துடிப்பில், பளு இல்லாமல் சும்மா சுற்றும் கியர்ப் பற்கள் ஒன்றையொன்று தட்டிக்கொள்கின்றன. ஐடில் ரொம்பவும் தாழ்ந்திருந்தால் இது அதிகமாகும்.

உறுமல்: பேரிங்கா, டயரா?

பழைய கார்களில் அதிகம் வருவதும், அதிகம் தவறாகக் கண்டுபிடிக்கப்படுவதும் இதுதான். 40 கி.மீ. வேகத்தில் மெல்ல ஆரம்பித்து, 60-ஐத் தொடும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடியாத அளவுக்கு 'ஊம்ம்ம்' என்று ஏறும். நியூட்ரலில் போட்டாலும் போகாது. இரண்டு பேர்மேல் சந்தேகம். வீல் பேரிங் ஒன்று, டயர் இன்னொன்று.

முதலில் சாலையைப் பாருங்கள். கான்கிரீட்டிலிருந்து தாருக்கு மாறும்போது, புதிதாகப் போட்ட சாலையில் ஏறும்போது சத்தத்தின் குணம் மாறினால் டயர் என்று எடுத்துக்கொள்ளலாம். பேரிங்குக்குத் தாரும் கான்கிரீட்டும் ஒன்றுதான். வண்டியை நிறுத்திவிட்டு டயர் பட்டைமீது உள்ளங்கையை வைத்து ஒரு பக்கமாகத் தடவி, பிறகு எதிர்ப்பக்கமாகத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாகவும் மறுபக்கம் விளிம்பு குத்துவதாகவும் இருந்தால் பட்டை ஏறுமாறாகத் தேய்ந்திருக்கிறது. அலைன்மென்ட்டும் ஷாக் அப்சார்பரும் கவனிக்க வேண்டியவை. இன்னும் சந்தேகமிருந்தால் முன் டயர்களைப் பின்னாலும் பின் டயர்களை முன்னாலும் மாற்றுங்கள். சத்தமும் கூடவே இடம் மாறினால் முடிவு தெரிந்துவிட்டது.

பேரிங் என்றால் எந்தப் பக்கம்? வேகத்தில் போகும்போது, முன்னும் பின்னும் வண்டி இல்லாத இடத்தில், ஸ்டியரிங்கை மென்மையாக வலப்பக்கம் சாய்த்துப் பிறகு இடப்பக்கம் சாயுங்கள். வலப்பக்கம் திருப்பும்போது வண்டியின் கனம் இடப்பக்கச் சக்கரங்கள்மேல் விழுகிறது. அப்போது உறுமல் கூடினால் பெரும்பாலும் இடப்பக்க பேரிங். இடப்பக்கம் சாய்த்தபோது கூடினால் வலப்பக்கம்.

இந்தச் சோதனை முன்னா பின்னா என்று சொல்லாது. அதற்கு ஜாக் போட வேண்டும். சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கல் வைத்து, தூக்கிய இடத்தில் ஜாக் ஸ்டாண்டும் கொடுத்துவிட்டு, நியூட்ரலில் போடுங்கள். வண்டிக்கு அடியில் போகும் வேலையே இல்லை. சக்கரத்தின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து ஆட்டுங்கள். 'டொக் டொக்' என்று ஆட்டம் தெரிந்தால் பேரிங் ரொம்பத் தேய்ந்துவிட்டது, இல்லையென்றால் பால் ஜாயின்ட். ஆட்டம் இல்லாமலேயே சத்தம் போடும் பேரிங்குகள்தான் அதிகம் என்பதால் இதோடு நிறுத்தக் கூடாது. முன்சக்கரத்தில் டயருக்கு மேலே கையை நுழைத்து ஷாக் அப்சார்பரின் காயில் ஸ்பிரிங்கை விரல்களால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிடுங்கள். நல்ல பேரிங் என்றால் ஸ்பிரிங்கில் ஒன்றும் தெரியாது. கெட்டது என்றால் விரல் நுனியில் மணல் அரைபடும் நறநறப்பு வரும். காதுக்குக் கேட்காததைக் கூட அந்த ஸ்பிரிங் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு முன்சக்கரங்களையும் அடுத்தடுத்துச் சுற்றிப் பார்த்தால் வித்தியாசம் இன்னும் தெளிவாக இருக்கும்.

பேரிங் மாற்றும்போது ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பிரஸ்ஸில் வைத்து ஏற்றுவீர்களா, சுத்தியலால் தட்டுவீர்களா? எந்த வளையம் இறுக்கமாக உட்கார வேண்டுமோ அதன்மேல்தான் அழுத்தம் விழ வேண்டும். மற்ற வளையத்தில் தட்டினால் அடி முழுவதும் நடுவில் உள்ள குண்டுகள் வழியாகப் போகும். அவை உருளும் பாதையில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழுந்துவிடும். 'ஒரிஜினல் பேரிங் போட்டும் ஒரே மாசத்துல சத்தம் வந்துடுச்சு' என்ற புலம்பல்களில் நிறைய இந்த வகைதான். பழி பேரிங் கம்பெனிமேல் விழுகிறது.

திருப்பினால் மட்டும் வரும் 'டக் டக் டக்'

முன்சக்கரம் இழுக்கும் வண்டி என்றால் இது கிட்டத்தட்டச் சந்தேகமில்லாத நோய். ஒவ்வொரு ஆக்ஸிலுக்கும் இரண்டு முனைகளில் இரண்டு ஜாயின்ட்டுகள். சக்கரத்தை ஒட்டியிருக்கும் வெளி ஜாயின்ட் ஸ்டியரிங் எவ்வளவு திரும்பினாலும் சுழற்சியை ஒரே சீராகக் கொடுக்க வேண்டும். உள்ளே எஃகுக் குண்டுகள் பள்ளமான தடங்களில் ஓடுகின்றன. அந்தத் தடம் தேய்ந்துவிட்டால், முழுக்கத் திருப்பி ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது ஒவ்வொரு குண்டும் தேய்ந்த இடத்தைத் தாண்டிக் குதிக்கிறது. அந்தக் குதிப்புத்தான் 'டக் டக்'. நேராகப் போகும்போது வராமல், தெருமுனையில் யூ டர்ன் அடிக்கும்போது மட்டும் கேட்பது இதனால்தான்.

இதை வரும் முன்பே தடுக்க வழி உண்டு. ஜாயின்ட்டைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் பூட் இருக்கும், உள்ளே கிரீஸ் அடைத்திருக்கும். ரப்பர் கிழிந்தால் சுழலும் வேகத்தில் கிரீஸ் வெளியே தெறிக்கும், வெளியிலிருந்து மணலும் தண்ணீரும் உள்ளே போகும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி வைத்துவிட்டு, டார்ச் அடித்துச் சக்கரத்தின் உள்பக்கம் பாருங்கள். ரிம்மின் உள்பக்கத்திலும், அருகில் உள்ள ஷாக் அப்சார்பர் மேலும் கறுப்பாகக் கிரீஸ் வரிவரியாகத் தெறித்திருந்தால் பூட் கிழிந்து சில நாட்கள் ஆகிவிட்டன. சத்தம் ஆரம்பிக்காத வரை பூட்டும் கிரீஸும் மட்டும் மாற்றினால் போதும். ஆரம்பித்துவிட்டால் ஜாயின்ட் செலவு.

சத்தத்தோடே மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஜாயின்ட் முழுதாக விட்டுப்போனால் வண்டி ஓர் அங்குலம் நகராது. ஒரு ஆக்ஸில்தானே போயிற்று, இன்னொன்று இழுக்காதா என்று கேட்கலாம். இழுக்காது. டிஃபரன்ஷியல் சுழற்சியை எதிர்ப்பு இல்லாத பக்கமாக, அதாவது உடைந்த பக்கமாகவே அனுப்பிக்கொண்டிருக்கும். கியரில் போட்டு நிறுத்தினாலும் அந்த வண்டி உருளும் என்பதால் ஹேண்ட் பிரேக்கை மறக்கக் கூடாது.

உள் ஜாயின்ட் வேறு மாதிரி. நேராகப் போகையில் பளு கொடுத்தால் வண்டி முன்பக்கம் நடுங்கும், காலை எடுத்ததும் நடுக்கம் நிற்கும்.

மேம்பாலத்தில் ஏறி இறங்கிப் பாருங்கள்

வடசென்னை முழுக்கத் தட்டையான நிலம். ஏற்ற இறக்கம் என்றால் மேம்பாலம்தான். மூலக்கடை மேம்பாலமோ மின்ட் பக்கத்து மேம்பாலமோ, எதுவானாலும் சரி. ஏறும்போது எஞ்சின் சக்கரத்தைத் தள்ளுகிறது. இறங்கும்போது காலை எடுத்துவிட்டால் சக்கரம் எஞ்சினைத் தள்ளுகிறது. கியர்ப் பற்களின் ஒரு முகத்தில் இருந்த பளு மறுமுகத்துக்குப் போகிறது.

அம்பாசடர், ஆம்னி வகையில் பின்பக்கமிருந்து ஊளை வந்தால் இதைக் கவனியுங்கள். ஏறும்போது ஊளையிட்டு, இறங்கும்போது அமைதியானால் (அல்லது நேர்மாறாக இருந்தால்) டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் ஜோடிப் பல்சக்கரங்களான கிரவுன் பினியன் பற்களின் ஒரு முகம் தேய்ந்திருக்கிறது, இல்லை அவற்றின் இடைவெளி சரியாக அமையவில்லை. ஏற்றம் இறக்கம் எதுவானாலும் மாறாத கரகரப்பு என்றால் டிஃபரன்ஷியலின் பேரிங்குகள். கிரவுன் வேலை எல்லோருக்கும் வராது. இடைவெளியை அளந்து, ஷிம் (மெல்லிய தகடு) வைத்துப் பொருத்த வேண்டும். கண் பார்த்துப் பொருத்தினால் முன்பைவிட அதிகமாகக் கத்தும்.

அதே வண்டிகளில் முதல் கியர் போட்டுக் கிளட்சை விடும்போது வயிற்றுக்கு அடியில் ஒரு 'டங்', ரிவர்ஸுக்கு மாற்றும்போது இன்னொரு 'டங்' வந்தால் முதலில் பார்க்க வேண்டியது புரொப்பெல்லர் ஷாஃப்டின் கிராஸ். அது காய்ந்துபோனால் மெதுவாகப் போகும்போது 'கீச் கீச்' என்று குருவிக் குரலில் கத்தும். கிராஸில் கிரீஸ் நிப்பிள் இருக்கும் வண்டியில் கிரீஸ் அடிப்பது மிக மலிவான வைத்தியம். அதைச் செய்யாமல் விட்டால் அறுபதுக்கு மேல் தரையே அதிர ஆரம்பிக்கும். ஷாஃப்ட் கழன்று விழுவது வெறும் பயமுறுத்தல் இல்லை.

முன்சக்கர வண்டியில் அதே 'டங்' வந்தால் எஞ்சின் மவுண்டிங்கைப் பாருங்கள். பானெட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் அழுத்தி, முதல் கியரில் கிளட்சை ஒரு சிட்டிகை விட்டு உடனே மிதிக்கும்படி ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருப்பவரிடம் சொல்லுங்கள். அப்புறம் ரிவர்ஸில் அதேபோல். பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும், வண்டிக்கு நேர் எதிரிலோ பின்னாலோ யாரும் நிற்கக் கூடாது. எஞ்சின் எழும்பி உட்கார்ந்தால் மவுண்டிங் ரப்பர் கிழிந்துவிட்டது. ஆக்ஸில், கியர்பாக்ஸ் என்று எதைக் கழற்றுவதற்கும் முன்னால் இதைப் பார்த்துவிட வேண்டும், செலவு அதில் கொஞ்சம்தான்.

கியர்பாக்ஸ்

ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் சத்தம் வந்தால் அந்த கியர்ச் சக்கரமோ அதன் பேரிங்கோ. அம்பாசடர் போன்றவற்றில் நான்காவது கியர் நேரடி இணைப்பு, பக்கத்தில் உள்ள லே ஷாஃப்ட் வழியாகப் பளு போகாது. முதல் மூன்று கியரிலும் கரகரத்து நான்காவதில் அடங்கினால் லே ஷாஃப்ட் பேரிங் என்று சொல்லிவிடலாம். கியர் மாற்றும்போது மட்டும் 'கர்ர்' என்றால் கிளட்ச் பிளேட் முழுக்க விலகவில்லை அல்லது சிங்க்ரோ (கியர்கள் சேரும் முன் அவற்றின் வேகத்தை ஒன்றாக்கும் வளையம்) தேய்ந்திருக்கிறது. எல்லா கியரிலும் என்றால் கிளட்ச், ஒரே கியரில் என்றால் சிங்க்ரோ.

ரிவர்ஸில் வரும் 'ங்ங்ங்' ஊளையைப் பற்றிப் புதிதாக கார் வாங்கியவர்கள் அடிக்கடி கவலைப்படுகிறார்கள். அது நோயே இல்லை. முன்னோக்கிப் போகும் கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை, ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு சேரும். ரிவர்ஸ் கியரின் பற்கள் பெரும்பாலான பழைய கார்களில் நேராக வெட்டப்பட்டவை, முழு அகலமும் ஒரே அடியாக மோதும். புதுக்காரிலும் அது அப்படித்தான் ஊளையிட்டது.

கியர்பாக்ஸ் சத்தம் என்று உறுதியானால், திறப்பதற்கு முன் ஆயிலைப் பார்க்கச் சொல்லுங்கள். எஞ்சின் ஆயிலைத் தவறாமல் மாற்றுகிறவர்கள் கூட கியர் ஆயில் என்று ஒன்று இருப்பதை மறந்துவிடுகிறார்கள். ஆக்ஸில் சீல் வழியாகச் சொட்டுச் சொட்டாகக் கசிந்து பாதிக்குக் கீழே போயிருக்கும், மீட்டரில் எந்த விளக்கும் எரியாது. ஊற்றும்போது கையேட்டில் என்ன கிரேடு போட்டிருக்கிறதோ அதையே கேட்டு வாங்குங்கள். அம்பாசடரின் பின் ஆக்ஸிலுக்குப் போடும் கெட்டி ஆயிலை மாருதியின் கியர்பாக்ஸில் ஊற்றினால் காலை நேரத்தில் கியர் விழவே அடம்பிடிக்கும்.

மழைக்காலத்தில் இன்னொரு வேலை சேர்ந்துகொள்ளும். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும், இருந்தும் யாராவது ஒருவர் இறக்குவார். ஓடிச் சூடான கியர்பாக்ஸ் திடீரென்று தண்ணீரில் முங்கினால் உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். மேலே இருக்கும் மூச்சுக்குழாய் வழியாகவும் பழைய சீல்கள் வழியாகவும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். வண்டி நன்றாகத்தான் ஓடும். இரண்டு மூன்று மாதம் கழித்துத் துருப்பிடித்த பேரிங்குகள் ஒவ்வொன்றாகக் குரல் கொடுக்கும். சக்கரத்தின் நடுப்பகுதி மூழ்கும் அளவுக்குத் தண்ணீரில் போயிருந்தால் அந்த வாரமே கியர்பாக்ஸ் ஆயிலையும், பின்சக்கர வண்டி என்றால் டிஃபரன்ஷியல் ஆயிலையும் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. முழுக்க வடித்துப் புதிது ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி ஒருமுறை மாற்ற வேண்டும்.

வடிக்கும்போது நீங்களும் பக்கத்தில் நின்றுகொள்ளுங்கள். பல வண்டிகளில் டிரெய்ன் பிளக்கின் நுனியில் காந்தம் இருக்கும். அதில் மை போலப் படிந்திருக்கும் சாம்பல் நிறப் பொடி, ஓடிய வண்டியில் இருக்க வேண்டியதுதான். துணியால் துடைத்துவிட்டுப் போடலாம். விரலில் குத்தும் அளவுக்குச் செதிலோ பல்லின் துண்டோ ஒட்டியிருந்தால் அதைத் துடைத்துவிட வேண்டாம், தாளில் மடித்து வைத்துக்கொண்டு கியர்பாக்ஸை இறக்கச் சொல்லிவிடுங்கள்.